குப்புறப் படுத்துக் கேட்ட இசை

கண்ணில் தூசி மிதக்கிறது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டரிடம் போகச் சொல்ல மாட்டார்கள். முகத்தைக் கழுவு என்பார்கள். எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் தறிப்பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. மொத்தம் ஆறு தறி. ஆறும் ஓடும்போது பஞ்சு பறந்து புருவத்தில் உட்காரும், சோற்றில் உட்காரும், சாமி படத்து மாலையிலும் உட்காரும். அப்படிப்பட்ட இடத்தில் வலது கண்ணுக்கு முன்னால் நாலைந்து கறுப்புப் புள்ளிகளும் ஒரு நூல் துணுக்கும் மிதந்தால் நான் என்ன நினைப்பேன்? பஞ்சு என்றுதான் நினைத்தேன். கழுவினேன், போகவில்லை. மறுபடியும் கழுவினேன். இப்படிக் கழுவிக் கழுவியே பன்னிரண்டு நாளை ஓட்டிவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்தப் பன்னிரண்டு நாள்தான். தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்கள் யாராவது படித்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பறக்கிற பஞ்சு, நீங்கள் பார்வையைத் திருப்பினால் பின்னாலேயே திரும்பி வராது. கண்ணுக்குள் இருப்பது நீங்கள் பார்க்கிற பக்கமெல்லாம் கூடவே வரும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

புள்ளிகளுக்குப் பிறகு ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. டியூப் லைட்டில் கோளாறு என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு அதை மாற்ற வைத்தேன். புது டியூப் லைட்டிலும் மின்னியது. பதிமூன்றாம் நாள் காலை மூன்றாம் நம்பர் தறியில் அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்தேன். பாவு, அதாவது தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய நூல்கள், இடப்பக்கம் பாதிதான் தெரிந்தது. வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு படுதா தொங்கியது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். படுதா அங்கேயே இருந்தது.

"ஏனுங்க, எனக்குப் பாதிதான் தெரியுதுங்க" என்றேன்.

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஆறு தறியையும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். நான் நிறுத்தச் சொன்னதைக் கண்டே அவர் பயந்துபோனார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தறியை நிறுத்து என்று நான் சொன்னதில்லை.

எடப்பாடியில் பார்த்த கண் டாக்டர் இரண்டு நிமிஷத்தில், "இன்னைக்கே சேலம் போங்க, நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்குச் சேலத்து ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கண்பாப்பாவைப் பெரிதாக்குகிற மருந்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணில் விடுவார்கள். விட்டதும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நாற்பது ஐம்பது பேர் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், காலண்டரைப் பார்த்தேன், யாரோ ஒருவர் கூப்பிடுகிற நம்பரைக் கவனிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை எழுப்பிவிட்டேன். நர்ஸ் மூன்று முறை என்னைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தாள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று என் கொழுந்தனார் என்னைச் சொல்வார். எனக்கு வேலையும் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். கண்ணுக்குள் பின்சுவரில் மெல்லிய திரை ஒட்டியிருக்கிறது, அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. என் திரையில் ஓட்டை விழுந்து, கண்ணுக்குள் இருக்கிற நீர் அந்த ஓட்டை வழியாகப் பின்னால் புகுந்து, மழையில் நனைந்த சுவரில் சுண்ணாம்பு பொரிந்து எழும்புகிற மாதிரி திரையைப் பிரித்துக்கொண்டு வருகிறது. சோடாபுட்டிக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது அதிகம் வருமாம். நான் பத்து வயதிலிருந்து போடுகிறேன்.

"இடது கண்ணு எப்பவுமே இவ்வளவுதான் தெரியுமா?" என்று கேட்டார்.

"அது சின்னதுல இருந்தே மங்கல்தானுங்க."

அதைச் சோம்பல் கண் என்றார். சிறு வயதில் பார்க்கப் பழகாமல் விட்ட கண்; இனிக் கண்ணாடி போட்டாலும் பழகாது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ இந்த ஒரு கண்ணுதான் உங்களுக்குக் கண்ணு" என்றார். என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நாளைக்கு இறக்க வேண்டிய பாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

மறுநாள் ஆபரேஷன். கண்ணுக்குள் இருக்கிற கூழை எடுத்துவிட்டு, பிரிந்த திரையைப் பழையபடி படிய வைத்து, ஓட்டையைச் சுற்றி லேசரால் ஒட்டுப் போட்டு, உள்ளே ஒரு வாயுவை நிரப்புவார்கள். வாயுக் குமிழ் எப்போதும் மேலே போகப் பார்க்கும். கொத்தனாரின் மட்டப்பலகையில் குமிழ் மேலே நிற்கிறதே, அதுபோல. தலை கவிழ்ந்திருந்தால் கண்ணின் பின்சுவர் மேலே வரும், குமிழ் அங்கே போய்த் திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒட்டு காய்கிறவரை அப்படியே இருக்க வேண்டும்.

"எத்தனை நேரமுங்க?" என்றேன்.

"ஏழு நாள். மணிக்கு ஐம்பது நிமிஷம் குப்புறப் படுக்கணும். மிச்சம் பத்து நிமிஷத்துல சாப்பாடு, பாத்ரூம். அப்பவும் தலையைக் குனிஞ்சுதான் நடக்கணும். நாங்க செய்யறது பாதி, மீதி உங்க கையிலதான் இருக்கு."

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "டாக்டர், இவளை ஊட்டுக்கு அனுப்பீராதீங்க. அரை நாள்ல பட்டறைக்குள்ள போயிருவா. ஏழு நாளும் இங்கயே வெச்சுக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. தவிரவும் பஞ்சு பறக்கிற வீட்டுக்கு அனுப்ப டாக்டருக்கும் மனமில்லை. இரண்டாம் மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள்.

ஆபரேஷனின்போது மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். நிழல்கள் அசைவது தெரிந்தது, இயந்திரம் உறுமுவது கேட்டது. அசையாதீங்கம்மா, அசையாதீங்கம்மா என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அசைந்தேனாம். ஒன்றரை மணி நேரம் என்றார்கள். எனக்கு ஒரு பாவு முழுவதும் நெய்து முடித்த அலுப்பு.

குப்புறப் படுப்பது என்றால் என்னவென்று படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நடுவில் குழி வைத்த தலையணையில் முகத்தைப் புதைக்க வேண்டும். வலது கண்ணில் கட்டு, அதன் மேல் ஒரு மூடி. இடது கண்ணுக்குக் கட்டிலின் இடுக்கு வழியாகத் தரையின் இரண்டு டைல்ஸ் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான் உலகம். டிவி இல்லை, பேப்பர் இல்லை. முதல் மணி நேரத்திலேயே கழுத்து வலித்தது, இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதில் வலியெல்லாம் பழகி, கையும் காலும் வேலை கேட்க ஆரம்பித்தன. போர்வையின் ஓரத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று சாயங்காலம் இட்லி கொண்டுவந்தார். நான் குனிந்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன், அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீழேயிருந்து ஊட்டினார். அப்போதுதான் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எது பேசுவதானாலும் தரையில் படுத்துக்கொண்டு, கட்டில் இடுக்குக்கு நேராக முகத்தை வைத்துத்தான் பேசினார். வேட்டியெல்லாம் அழுக்கு. நர்ஸ் சிரித்தாள். அவர் கவலைப்படவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், கீர்த்தி. மூன்று வருஷமாகப் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமைதான் லீவு கிடைக்கும் என்று போனில் அழுதாள்.

"அழுவாத சாமி. எனக்குப் பொழுதுதான் போவுல. ஏதாச்சும் பாட்டுப் போட்டு உடு."

"சினிமாப் பாட்டு வேண்டாம்மா. நீ கூடவே ஆட்டம் போடுவ. நான் தினமும் கேக்கறது ஒண்ணு இருக்குது, அனுப்பறேன். ஒரு மணி நேரம் வரும். சும்மா படுத்துக் கேளு, போதும்."

என் வீட்டுக்காரர் இயர்போனை என் காதில் சொருகினார். உஸ் என்று ஒரு சத்தம். தூரத்தில் யாரோ அண்டாவின் விளிம்பைத் தடவுவது போல ஒரு ரீங்காரம் எழுந்து, பெரிதாகி, அப்படியே அடங்கியது. பிறகு இன்னொன்று. தாளம் இல்லை, குரல் இல்லை. மகளுக்குப் போன் போடச் சொன்னேன்.

"ஏஞ்சாமி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் ஆயிருக்கும்மா."

"எங்க? மோட்டார் ஓடற மாதிரி ஒரு சத்தம்தான் வருது."

"அதான் பாட்டு. ஆம்பியன்ட்னு சொல்லுவாங்க. சில் அவுட்னும் சொல்லுவாங்க. ஒரே ஆளு ரூமுக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டர்லயே பண்ணுனது. கவனிச்சுக் கேக்கணும்னு இல்ல, அது பாட்டுக்கு ஓடட்டும்."

அது பாட்டுக்கு ஓடுவது என்றால் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தறிகள் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டோம். சமையல் செய்வோம், தூங்குவோம், காது மட்டும் பட்டறையிலேயே இருக்கும். குறுக்கே போகிற ஊடை நூல் தீர்ந்தால் அந்தத் தறி தானாக நின்றுவிடும். ஆறு சத்தத்தில் ஒன்று குறைந்தால் போதும், எந்தத் தூக்கத்திலும் கால் தரையில் இருக்கும். எல்லாமே நின்றால் கரண்ட் போயிற்று, பாவில் என்ன ஆயிற்றோ என்று பார்க்க ஓடுவோம். மற்றவர்களுக்கு அமைதி என்றால் ஓய்வு. எங்களுக்கு அது ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். இதை அந்த ரூமுக்குள் உட்கார்ந்து பாட்டுப் பண்ணிய ஆளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது. அவர் டீ வாங்கக் கீழே போயிருந்தார். நான் அந்த இசையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன், எப்படியோ கண் அயர்ந்துவிட்டது. தூக்கத்தில் ரீங்காரம் குறைந்துகொண்டே வந்து ஒரேயடியாக நின்றது. அவ்வளவுதான் தெரியும். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது அறையின் நடுவில் நெஞ்சு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். நெற்றியில் பயங்கர வலி. குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பி கீழே விழுந்து கிடந்தது. என் இரண்டு கைகளும் மூன்றாம் நம்பர் தறியின் கைப்பிடி இருக்க வேண்டிய உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. காதில் இசை மறுபடி ஆரம்பித்து நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

டீயோடு வந்தவர் வாசலில் நின்று கத்தினார். "குனி! குனி அம்மிணி! தலையைக் குனி!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. குனிந்தேன், படுத்தேன். நர்ஸ் ஓடி வந்தாள். புருவத்துக்கு மேலே புடைத்திருந்தது. கட்டுக்குள் ஈரமாக இருந்தது. நீரா ரத்தமா என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் ஆபரேஷன் அறையில் இருக்கிறார், மூன்று மணி நேரமாகும் என்றாள்.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. மொத்தமாக வந்தது. ஒட்டு பிரிந்திருந்தால்? இழை தெரியாது. ஊசியில் நூல் கோக்க முடியாது. கீர்த்திக்குக் கல்யாணம் நடந்தால் அவள் முகம் இடது கண்ணுக்கு ஒரு மஞ்சள் மூட்டமாகத்தான் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரே சொல்லும். பன்னிரண்டு நாள் முகம் கழுவினவள், ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து ஆடினவள் என்று சொல்லும். போர்வை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அழுகையையும் அடக்கினேன். வெளியே வராந்தாவில் அவர் மகளிடம் போனில் பேசுவது கேட்டது.

"என்ன கெரகத்தப் போட்டுக் குடுத்த நீ? பாட்டு நின்னுதுன்னு எந்திரிச்சு ஓடிட்டா உங்கம்மா!"

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, அவர் போனை வைத்துவிட்டார்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்து விளக்கைப் பிடித்தார். வழக்கமாக அவர் பார்க்கும்போதே மேலே பாருங்க, கீழே பாருங்க என்பார். அன்று எதுவும் சொல்லாமல் பார்த்தார். நான் அவருடைய மூச்சை எண்ணினேன்.

"திரை இடத்துலதான் இருக்கு. கண்ணுக்குள்ள அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கு, மருந்து தரேன்" என்றார். "ஏன் எழுந்தீங்க?"

"தறி நின்னு போச்சுங்க டாக்டர்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்திருக்க வேண்டும். இவர் தடுமாறித் தடுமாறி விளக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

சத்தம் நின்றால் எழுந்துவிடுவேன், சத்தமே இல்லாவிட்டால் படுக்கவே முடியவில்லை. என்ன செய்வது? என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. கொழுந்தனாரிடம் சொல்லி, ஆறு தறியும் ஓடுகிற சத்தத்தை ஒரு மணி நேரம் போனில் பதிவு பண்ணி அனுப்பச் சொன்னார். மூன்றாம் நாள் காலை அதைப் போட்டார். முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். உடம்பு தளர்ந்து தூக்கம் வந்தது. ஆறாவது நிமிஷம் தலையணைக்குள்ளிருந்தே கத்தினேன்.

"ஏனுங்க, ரெண்டாம் நம்பர்ல வாரு தளர்ந்து கெடக்குது. அடி ஒண்ணு விட்டு ஒண்ணு வுழுகுது. உங்க தம்பி காதுல என்ன வெச்சிருக்கறாரு? போனப் போடுங்க!"

போன் போட்டோம். கொழுந்தனார் அந்தத் தோல் பட்டையைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க அண்ணி, தளர்ந்துதான் இருக்குது" என்றார். பதினைந்தாவது நிமிஷம் ஐந்தாம் நம்பரில் இன்னொன்று கேட்டது. என் கால் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, பதிவை நிறுத்திவிட்டு, அழித்தும் விட்டார்.

மிஞ்சியது மகளின் இசைதான். அதில் வாரு தளராது, நூல் அறாது. அது நிற்கிற இடம் மட்டும்தான் சிக்கல். சரி, எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் போயிற்று என்று முடிவு செய்தேன். மகள் சும்மா கேள் என்றாள். எனக்குச் சும்மா கேட்க வராது. புது ரகச் சேலையின் மாதிரித் துணியை விரல் வைத்துப் படிப்பது போலத்தான் அதைப் படித்தேன்.

மொத்தம் ஒன்பது துண்டு. முதலில் அண்டாவின் ரீங்காரம். இரண்டாவதில் தண்ணீர் சொட்டும், ஆனால் சரியான இடைவெளியில் சொட்டாது, அடுத்த சொட்டு எப்போது என்று காத்திருந்தே எரிச்சல் வரும். மூன்றாவதில் அலை போல ஏதோ வந்து வந்து போகும். நாலாவதின் முடிவில்தான் அந்த இடம். நிற்பதற்கு முன் ஆழத்தில் ஒரு முனகல் மூன்று தடவை இறங்கும், கரண்ட் போனதும் மோட்டார் சுழன்று அடங்குகிறதே, அப்படி. பிறகு ஒன்றுமில்லை. பதினொன்று எண்ணுவதற்குள் ஐந்தாவது துண்டு ஆரம்பித்துவிடும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முதல் தடவை முனகல் இறங்க ஆரம்பித்ததும் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நிக்கப் போவுதுங்க, நிக்கப் போவுது" என்று சொன்னேன். அவர் என் முதுகின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நின்றது. என் தொடை துடித்தது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். பதினொன்றில் இசை வந்ததும் என் சட்டையெல்லாம் வியர்வை. மூன்றாம் நாளில் ஆறு தடவை இதைச் செய்தோம். நாலாம் நாள் அவர் ஒரு இயர்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு தரையில் படுத்தார். நாலாவது துண்டு வருவதற்குள் அவர் குறட்டை விட்டார். அன்று நான் தனியாகவே பதினொன்று எண்ணினேன். தொடை துடிக்கத்தான் செய்தது. எழவில்லை.

அந்த இசை பிடித்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிலர் சொல்வது போல அது என்னை எங்கேயும் கொண்டுபோகவில்லை. கழுத்து வலித்தது, மூக்கு அடைத்தது, சமயத்தில் இயர்போனைப் பிடுங்கி எறியத் தோன்றியது. ஐந்தாம் நாள் காலை, ஏழாவது துண்டு ஓடும்போது, என் கை போர்வை ஓரத்தை மடிக்காமல் சும்மா கிடப்பதைக் கவனித்தேன். கவனித்ததும் மறுபடி மடிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்று சனிக்கிழமை. கீர்த்தி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். அப்பா கற்றுக்கொடுத்திருப்பார் போல, வந்ததும் தரையில் படுத்து இடுக்குக்கு நேராக முகத்தை வைத்தாள். இடது கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தாள்.

"அம்மா, என்னாலதான் ஆச்சு. எனக்கு அந்த எடம் தெரியும். சொல்ல மறந்துட்டேன்."

"உனக்கெப்படித் தெரியும்? நீ சும்மாதான கேப்ப?"

அவள் இன்னும் கிட்டே நகர்ந்தாள். "நானும் அந்த எடத்துல எந்திரிச்சிருக்கேம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "ஹாஸ்டலுக்குப் போன புதுசுல எனக்குத் தூக்கமே வரலை. கூட இருக்கற புள்ளைங்க எல்லாம் சத்தம் இருந்தாத் தூக்கம் வராதுங்கறாங்க. எனக்குச் சத்தம் இல்லீனா நெஞ்சு அடிச்சுக்கும், எதையோ பாக்காம உட்டுட்ட மாதிரி. தறிச் சத்தம் போட்டா ரூம்ல சண்டைக்கு வாராங்க. அப்பறம்தான் இதைப் புடிச்சேன். இதுவும் நிக்கும். ஒரு மாசம் அந்த எடம் வரும்போதெல்லாம் எந்திரிச்சு லைட்டப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"மூணு வருசமா?"

"இப்பப் பரவால்ல. இது ஓடுனாத்தான் தூங்குவேன்."

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ என்னம்மா பண்ணுவ? வேலைய உட்டுட்டு வந்துருன்னுதான சொல்லுவ."

அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளைத் தொட்டிலில் போட்டதே நாலாம் நம்பர் தறிக்குப் பக்கத்தில்தான். எவ்வளவு சத்தத்திலும் தூங்குகிறாள், சமத்துக் குழந்தை என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கையைக் கட்டிலுக்குக் கீழே நீட்டினேன், அவள் பிடித்துக்கொண்டாள். நாலாவது துண்டு முடியப் போகிறது என்று என் காதில் இருந்த இயர்போன் சொன்னது. மற்றொன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். இருவரும் பதினொன்று எண்ணினோம். அவள் எனக்கு முன்னாலேயே எண்ணி முடித்துவிட்டாள், அவளுக்கு எப்போதும் அவசரம்.

ஏழாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, திரை ஒட்டியிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். கண்ணுக்குள் குமிழ் கரைய இரண்டு மாதம் ஆகும், அதுவரை விமானம் கூடாது, ஏற்காடு, கொல்லிமலை என்று மலை ஏறவும் கூடாது. உயரம் போனால் குமிழ் பெருத்துக் கண்ணையே கெடுத்துவிடும். விமானத்தைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. குமிழ் கரையக் கரையத்தான் பார்வை எவ்வளவு மிச்சம் என்று தெரியும் என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது.

அந்த இரண்டு மாதமும் என் வலது கண்ணில் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தது போல ஒரு மட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மட்டத்துக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே கலங்கல். ஒவ்வொரு வாரமும் மட்டம் இறங்கியது, கடைசியில் மிளகளவு உருண்டையாகி ஒருநாள் காணாமல் போனது. பட்டறைப் பக்கம் என் வீட்டுக்காரர் என்னை விடவில்லை. நானும் போகவில்லை. போனால் இழை கண்ணுக்குப் படுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்று பயம்.

மறுபடி சேலம். பலகையில் எழுத்துகளைக் காட்டினார்கள். வலது கண்ணால் நாலாவது வரிவரை படித்தேன். ஐந்தாவதில் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன. டாக்டருக்குச் சந்தோஷம். நீங்கள் வந்த நிலைமைக்கு இது நல்ல பார்வை என்றார். "நேர்கோடெல்லாம் நடுவுல கொஞ்சம் வளைஞ்சு தெரியலாம். சில பேருக்குப் போகப் போகச் சரியாகும், சில பேருக்கு அப்படியே நின்னுடும்" என்றார்.

வெளியே வந்து மருந்துக் கவுண்டர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். இழை தெரியுமா என்று டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. அவருக்கு இழை என்றால் என்ன தெரியும்?

என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். அதை இரண்டு கையாலும் தன் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "இடது கண்ண மூடு" என்றார். மூடினேன்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க. நடுவுல வளைஞ்சிருக்குது."

அவர் நூலைப் பார்த்தார். இழுத்துப் பிடித்தார். "இப்ப?"

"இப்பவும் வளைஞ்சுதான் இருக்குது."

இன்னும் இழுத்தார். எவ்வளவு இழுத்தாலும் அது நேராகாது என்று அவருக்குத் தெரியாதா என்ன, டாக்டர் சொல்லும்போது பக்கத்தில்தான் இருந்தார். ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நூல் அறுந்தது.

"அறுந்துபோச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா?"

"பாத்தேன்."

இரண்டு முனையையும் அவர் கையிலிருந்து வாங்கினேன். இடது கண்ணைத் திறக்கவில்லை. முதல் தடவை முனைகள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. இரண்டாம் தடவை முடிச்சு நழுவியது. மருந்து வாங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் தடவை முடிச்சு விழுந்தது. அவர் மெதுவாக இழுத்துப் பார்த்தார், அறவில்லை.